மலைப் பாதைக்கு மேனுவல் பிக்கப்தான் வேண்டும் என்பது வெறும் பிடிவாதமா?

கோத்தகிரிப் பக்கத்திலிருந்து 52 வயது வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். சிறிய தேயிலைத் தோட்டம், கொஞ்சம் கேரட், பீன்ஸ் சாகுபடி. 14 வருடமாக ஒரே பிக்கப்பை ஓட்டி வருகிறார். பச்சைத்தேயிலை மூட்டைகளை ஃபேக்டரிக்குக் கொண்டுபோவது, காய்கறியை மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறக்குவது எல்லாம் அதில்தான். இப்போது அதைக் கொடுத்துவிட்டு, நாலு சக்கரமும் இழுக்கும் டபுள் கேபின் டீசல் பிக்கப் ஒன்று வாங்கப் போகிறார்.

மேனுவல் கியர்தான் வேண்டும் என்பது அவருடைய முடிவு. கோவையில் வேலை பார்க்கும் மகன் ஆட்டோமேட்டிக்தான் வாங்க வேண்டும் என்கிறார். ஷோரூமிலும் அதையே சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். மனைவி இந்த வண்டியில் ஓட்டக் கற்றுக்கொள்ள ஆசைப்படுகிறார். மேனுவலுக்கு வாசகர் சொல்லும் காரணங்கள் இவை: இறக்கத்தில் கியர் வண்டியைப் பிடிக்கும், லோடு ஏற்றினால் மேனுவல்தான் இழுக்கும், மைலேஜ் கூடுதல், பேட்டரி இறங்கினால் தள்ளி ஸ்டார்ட் செய்யலாம், பழுதானால் உள்ளூர் மெக்கானிக்கே பார்த்துவிடுவார். கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி: "இடது முழங்கால் ஒரு வருடமாக வலிக்கிறது, தேய்மானம் ஆரம்பம் என்று டாக்டர் சொன்னார், அது வேறு விஷயம்." அவருடைய கேள்வி: "நான் பிடிவாதம் பிடிக்கிறேனா, அல்லது நினைப்பது சரிதானா?"

ஐயா, உங்களுக்கு வணக்கம். கியர்பாக்ஸ் சம்பந்தப்பட்ட வேலையில் இருக்கும் பொறியாளன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். உங்கள் விருப்பத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் நீங்கள் அடுக்கியிருக்கும் காரணங்களில் சில இன்றைய வண்டிகளுக்குப் பொருந்தாது. அவற்றை நம்பி வாங்கினால் பிறகு ஏமாற்றமாக இருக்கும். முழங்காலை "வேறு விஷயம்" என்று ஒதுக்கியிருக்கிறீர்கள். என் கணக்கில் இந்த முடிவில் பாதி அதுதான்.

இறக்கம்: உங்கள் வலுவான காரணம்

கோத்தகிரி கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,790 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மேட்டுப்பாளையம் 320 மீட்டரைச் சுற்றி. சுமார் 33 கிலோமீட்டர் சாலையில் கிட்டத்தட்ட ஒன்றரை கிலோமீட்டர் உயரத்தை இறங்குகிறீர்கள். ஆளும் சரக்குமாக இரண்டரை டன் எடை என்று வைத்துக்கொண்டால், அந்த இறக்கத்தில் வெளிப்படும் ஆற்றல் ஏறத்தாழ 10 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். அந்த ஆற்றல் எங்காவது போயாக வேண்டும். காற்றும் டயரும் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும். மிச்சம் பிரேக்கிலோ இன்ஜினிலோ சூடாகத்தான் கழியும். முழுதும் பிரேக்கின் தலையில் விழுந்தால் பிரேக் லைனிங் காய்ந்து பிடிப்பு குறையும், பிரேக் ஆயில் கொதிக்கும், மிதித்தால் பெடல் பஞ்சுபோல உள்ளே போகும். மலைச் சாலைகளில் சின்ன கியரில் இறங்கச் சொல்லிப் பலகை வைத்திருப்பது இதற்காகத்தான். ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டி சாலையில், 36 கொண்டை ஊசி வளைவுகளில் இதை மறந்தவர்கள் பட்ட பாட்டை நீலகிரிக்காரரான உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

மேனுவல் வண்டியில் இந்த இடத்தில் ஒரு நிம்மதி உண்டு. இரண்டாவது கியரில் போட்டால் இரண்டாவதிலேயே நிற்கும். நீங்கள் மாற்றாமல் அது மாறாது. அடுத்த வளைவு எவ்வளவு குறுகல், எதிரே பஸ் வரும் நேரமா, பனி இறங்கியிருக்கிறதா என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். வளைவுக்கு முன்னாலேயே கியரைக் குறைத்துவிடுவீர்கள். ஆட்டோமேட்டிக் பெட்டிக்கு வளைவு தெரியாது. அந்த நொடியில் வண்டி என்ன வேகம், ஆக்சிலரேட்டர் எவ்வளவு, சரிவு எவ்வளவு என்பதை வைத்துத்தான் முடிவெடுக்கும். மேனுவலை விடாத பிக்கப்காரர்கள், அவர்கள் நீலகிரியில் இருந்தாலும் அமெரிக்காவில் இருந்தாலும், கடைசியில் சொல்ல வருவது இதைத்தான்: பாதையைப் பார்க்கிறவன் நான், முடிவும் என் கையில் இருக்கட்டும். இதைப் பிடிவாதம் என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

ஆனால் உங்கள் மகன் பக்கத்தையும் சொல்ல வேண்டும். நீங்கள் மனதில் வைத்திருப்பது பழைய மூன்று, நான்கு கியர் ஆட்டோமேட்டிக். இறக்கத்தில் அது தானாகப் பெரிய கியருக்குப் போய் வண்டியை ஓடவிடும் என்ற பயம் அந்தக் காலத்தில் சரியானதே. இன்றைய ஆறு கியர் பெட்டிகளில் லீவரைப் பக்கவாட்டில் தள்ளி நாமே கியரைத் தேர்ந்தெடுத்து நிறுத்தும் வசதி இருக்கிறது. ஆட்டோமேட்டிக்கில் கிளட்ச்சுக்குப் பதிலாக எண்ணெய் வழியே இன்ஜினின் சுழற்சியைக் கடத்தும் பாகம் டார்க் கன்வர்ட்டர். அது பூட்டிக்கொண்ட பிறகு, இன்ஜினுக்கும் சக்கரத்துக்கும் நடுவே எண்ணெய் வழுக்கல் இருக்காது, இன்ஜின் நன்றாகவே பிடிக்கும். ஒரே ஒரு வித்தியாசம்: வேகம் அதிகமாக இருக்கும்போது சின்ன கியர் கேட்டால் பெட்டி மறுத்துவிடும். இன்ஜினைக் காப்பாற்ற அப்படிச் செய்திருக்கிறார்கள். முதலில் பிரேக் அடித்து வேகத்தைக் குறைத்து, அப்புறம் கியர் கேட்க வேண்டும். பழகினால் ஒரு வாரத்தில் கைக்கு வந்துவிடும். லீவரை டி-யில் விட்டுவிட்டு பிரேக்கை மட்டும் நம்பி இறங்குகிறவர்களுக்குத்தான் ஆட்டோமேட்டிக் ஆபத்து.

இன்னொரு தவறான நம்பிக்கையும் இங்கே இருக்கிறது. டீசல் இன்ஜின் இறக்கத்தில் பெட்ரோலைவிட நன்றாகப் பிடிக்கும் என்று எழுதியிருக்கிறீர்கள். உண்மை நேர்மாறு. பெட்ரோல் இன்ஜினில் காற்று வழியை அடைக்கும் தகடு இருப்பதால் ஆக்சிலரேட்டரை விட்டதும் இழுபட்டு நிற்கும். டீசலில் காற்று தாராளமாக உள்ளே போகிறது. அழுத்திய காற்று பிஸ்டனைத் திரும்பத் தள்ளி, வாங்கிய வேலையில் பெரும்பகுதியைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. லாரிகளில் புகை போகும் வழியை அடைத்து இன்ஜினைப் பிடிக்க வைக்கும் எக்ஸாஸ்ட் பிரேக்கைத் தனியாக வைப்பது அதனால்தான். எனவே டீசல் பிக்கப்பில், மேனுவலோ ஆட்டோமேட்டிக்கோ, நீங்கள் நினைப்பதைவிட ஒரு கியர் குறைவாகவே வைத்து இறங்குங்கள்.

"மேனுவல்தான் இழுக்கும்" என்பது

இது இன்று சரியில்லை ஐயா. நம் நாட்டில் விற்கும் டொயோட்டா ஹைலக்ஸையே எடுத்துக்கொள்ளுங்கள். 2.8 லிட்டர் டீசல், இரண்டு வகையிலும் 204 குதிரைத்திறன். ஆனால் டார்க் என்று சொல்லும் இழுவை மேனுவலில் 420 நியூட்டன் மீட்டர், ஆட்டோமேட்டிக்கில் 500. ஒரே இன்ஜின்தான், மேனுவலில் குறைத்து வைத்திருக்கிறார்கள். அமெரிக்காவில் ரேம் நிறுவனத்தின் பெரிய டீசல் பிக்கப்பிலும் இதே கதை. மேனுவல் கியரோடு வந்த கடைசி ஆண்டான 2018-ல் அதன் கம்மின்ஸ் இன்ஜின் மேனுவலில் 660 பவுண்டு-அடி (அங்கே டார்க்கை அளக்கும் அலகு), ஆட்டோமேட்டிக்கின் உயர் வகையில் 930. இழுக்கும் வேலைக்கே பிறந்த அந்த வண்டியில் கூட மேனுவல் அதோடு நின்றுபோனது. அங்கே ஜீப் கிளாடியேட்டர் 2025 மாடலில் மேனுவலை விட்டுவிட்டது. டொயோட்டா டகோமா இன்னும் ஆறு கியர் மேனுவல் தருகிறது, அதிலும் சக்தி ஆட்டோமேட்டிக்கைவிடக் கொஞ்சம் குறைவு. இசுசு வி-கிராஸின் 1.9 லிட்டர் இன்ஜினில் மட்டும் இரண்டு வகைக்கும் ஒரே 360 நியூட்டன் மீட்டர்.

தவிர, டார்க் கன்வர்ட்டர் நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது இழுவையை ஏறக்குறைய இரண்டு மடங்காக்கிக் கொடுக்கும். ஏற்றத்தில் லோடோடு நின்ற வண்டியைக் கிளப்ப மேனுவலில் நீங்கள் ஹாஃப் கிளட்ச்சில் பிடித்து, பிளேட் வாசனை வர எடுப்பீர்கள். ஆட்டோமேட்டிக் சத்தமில்லாமல் ஏறும்.

அதன் பலவீனம் நீண்ட ஏற்றத்தில் தெரியும். மூன்றா நான்கா என்று பெட்டி மாறிமாறிப் போகும், எண்ணெய் சூடாகும், ஓட்டுகிறவருக்கும் எரிச்சல் வரும். கையால் கியரை நிறுத்தி வைத்தால் அது அடங்கிவிடும்.

தோட்டத்துக்குள் சேற்றுப் பாதையில் மேனுவலுக்கு ஒரு நல்ல குணம் உண்டு. நாலு சக்கர இழுவையின் லோ கியரில் போட்டால் வேகம் ஏறத்தாழ இரண்டரை மடங்கு குறைந்துவிடும். முதல் கியரில் காலை எல்லாவற்றிலிருந்தும் எடுத்துவிட்டு வெறும் ஐட்லிங்கில் வண்டி ஊர்ந்து போகும், இறங்கும்போதும் அதே நடை. அந்த ஒழுங்கு எனக்கும் பிடிக்கும். ஒன்று மட்டும் மறக்காதீர்கள். இந்தப் பிக்கப்களின் நாலு சக்கர இழுவை சேறு, சரளை, ஈரப்புல்லுக்கானது. முன்னும் பின்னும் நேரடியாகக் கோத்துவிடுவதால், காய்ந்த தார்ச் சாலையில் அதைப் போட்டு கொண்டை ஊசி வளைவு திரும்பினால் உள்ளே இறுகிக்கொண்டு பாகங்கள் கெடும். மேட்டுப்பாளையம் இறக்கத்துக்கு அதைப் பயன்படுத்தலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். வேண்டாம்.

மைலேஜும் தள்ளி ஸ்டார்ட்டும்

மைலேஜ் வித்தியாசத்தைக் காரணமாக வைக்காதீர்கள். மலையில் அது வண்டியைவிட ஓட்டுகிற கால் சார்ந்தது. டீசலை மிச்சம் பிடிக்க இறக்கத்தில் நியூட்ரலில் விடும் பழக்கம் உங்களுக்கு இருந்தால் இன்றோடு விடுங்கள். இப்போதைய இன்ஜின்கள் கியரில் இறங்கும்போது டீசல் ஊற்றுவதையே நிறுத்திவிடும். நியூட்ரலில்தான் ஐட்லிங்குக்காகக் குடிக்கும். நியூட்ரல் மிச்சமும் இல்லை, பாதுகாப்பும் இல்லை.

தள்ளி ஸ்டார்ட் செய்வது பாதி உண்மை. பேட்டரி கொஞ்சம் தளர்ந்திருந்தால் மேனுவலை உருட்டிக் கிளப்பலாம், ஆட்டோமேட்டிக்கை முடியாது. பேட்டரி முழுதும் செத்துவிட்டால் மேனுவலும் கிளம்பாது. இன்ஜின் கம்ப்யூட்டருக்கும் டீசல் இன்ஜெக்டருக்கும் மின்சாரம் வேண்டுமே. அதோடு இன்ஜின் ஓடாத வண்டியில் பிரேக்குக்கும் ஸ்டியரிங்குக்கும் துணை இருக்காது. மலைச் சரிவில் அப்படி உருட்டுவது எவ்வளவு ஆபத்து என்று யோசியுங்கள். ஒரு ஜம்ப் ஸ்டார்ட்டரை வாங்கி வண்டியில் போட்டுவிடுங்கள், பிரச்சினை தீர்ந்தது.

பழுது, செலவு

இங்கே நீங்கள் சொல்வதில் உண்மை அதிகம். கிளட்ச் பிளேட் மாற்றுவது எந்த ஊர் மெக்கானிக்குக்கும் தெரிந்த வேலை. ஆட்டோமேட்டிக் பெட்டியில் கோளாறு என்றால் நீங்கள் கோவைக்குத்தான் போக வேண்டியிருக்கும், கையோடு பெரிய தொகையும் போகும். வழியில் நின்றுவிட்டால் மேனுவலை நியூட்ரலில் போட்டுக் கயிறு கட்டி இழுத்து வரலாம். ஆட்டோமேட்டிக்கை சக்கரம் உருளும்படி இழுத்தால் உள்ளே எண்ணெய் சுற்றாமல் பெட்டி கெடலாம். பெரும்பாலும் தூக்கிப்போகும் லாரி வர வேண்டும். மழைக்காலத்தில் மண் சரிந்து சாலை அடைபடும் ஊர் உங்களுடையது. இதை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

எதிர்ப்பக்கமும் உண்டு. ஆட்டோமேட்டிக் பெட்டி அடிக்கடி கெடும் சாமான் அல்ல. எண்ணெயை நேரத்துக்கு மாற்றினால் வருடக்கணக்கில் ஓடும். ஆயுளுக்கும் மாற்ற வேண்டாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். லோடும் மலையும் சேர்ந்த வண்டிக்கு கையேட்டில் கடின உபயோகத்துக்கு என்று தனி இடைவெளி போட்டிருக்கும், அதைப் பாருங்கள். மேனுவலிலும் சில புதிய டீசல்களில் கிளட்ச்சோடு, இன்ஜின் அதிர்வை உள்வாங்கும் இரட்டை ஃபிளைவீல் வருகிறது. அது போனால் செலவு நீங்கள் பழைய பிக்கப்பில் பார்த்தது போல இருக்காது. நீங்கள் பார்க்கும் மாடலில் இருக்கிறதா, கிளட்ச் செட் முழுதும் மாற்ற என்ன ஆகும் என்று சர்வீஸ் பிரிவில் கேளுங்கள். விற்பனைப் பிரிவில் கேட்க வேண்டாம். விலையும் அப்படித்தான். சில மாடலில் ஆட்டோமேட்டிக்குக்கு லட்சக்கணக்கில் கூடும், சிலவற்றில் வித்தியாசம் கொஞ்சம்தான். இரண்டுக்கும் ஆன்ரோடு விலையை எழுதி வாங்குங்கள்.

உங்கள் முழங்கால், உங்கள் மனைவி

நான் மருத்துவன் இல்லை. அதனால் தேய்மானம் எந்த அளவு, கிளட்ச் மிதிப்பது அதைக் கூட்டுமா என்பதை எலும்பு மருத்துவரிடம் நேராகக் கேளுங்கள். "வண்டி ஓட்டலாமா" என்று பொதுவாகக் கேட்டால் சரி என்று சொல்லிவிடுவார். மலையில் ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான முறை இடது காலால் அழுத்தி எடுக்க வேண்டியிருக்கிறது, இன்னும் 14 வருடம் ஓட்ட நினைக்கிறேன் என்று சொல்லிக் கேளுங்கள். ஏனென்றால் நீங்கள் வண்டியை அவ்வளவு காலம் வைத்திருக்கிற ஆள். இந்த வண்டியை விற்கும்போது உங்களுக்கு 66 வயது இருக்கும்.

இயந்திரப் பக்கத்திலிருந்து எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். கால் வலிக்கிறவர் கிளட்ச்சை முழுதாக மிதிக்க மாட்டார். அரைகுறையாக மிதித்து கியர் போடுவார், அல்லது வலிக்குப் பயந்து பெடல் மேலேயே காலை வைத்திருப்பார். முதலாவது கியர்பாக்ஸைக் கெடுக்கும், இரண்டாவது கிளட்ச்சைத் தீர்க்கும். இதைவிடப் பெரிய கவலை, கியரைக் குறைக்க வேண்டிய இடத்தில் வலிக்காகத் தள்ளிப்போட்டு பிரேக்கிலேயே சமாளிப்பது. அந்த நாளிலிருந்து, இறக்கத்துக்காக நீங்கள் தேர்ந்தெடுத்த மேனுவலால் இறக்கத்தில் பயன் இருக்காது.

உங்கள் மனைவி ஓட்டக் கற்றுக்கொள்வதை நீங்கள் ஒரு வரியில் முடித்துவிட்டீர்கள். எனக்கு அது முக்கியமாகப் படுகிறது. உங்களுக்கு ராத்திரியில் உடம்புக்கு முடியாமல் போனால் குன்னூருக்கோ கோவைக்கோ அழைத்துப் போகப்போகிறவர் அவர்தான். ஏற்றத்தில் வண்டி பின்னால் உருளும் பயம் புதிதாகக் கற்கிறவர்களை அப்படியே நிறுத்திவிடும். இப்போது இரண்டு வகையிலும் சில நொடிகள் பிரேக்கைப் பிடித்து வைக்கும் வசதி வருகிறது. அது உதவும், என்றாலும் ஆட்டோமேட்டிக் அவருக்கு நிச்சயம் எளிது. எந்த வகையானாலும் முதல் பாடத்தை இவ்வளவு பெரிய வண்டியில் தொடங்க வேண்டாம். சமவெளியில் சின்ன கார் ஒன்றில் ஆரம்பிக்கட்டும். டெஸ்ட் டிரைவுக்கு அவரையும் கூட்டிப்போங்கள், ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து பார்க்கட்டும்.

கியரைவிட முதலில் பார்க்க வேண்டியது

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பழைய பிக்கப்பைக் கொடுத்துவிட்டு எல்லா வேலைக்கும் புதிய வண்டி என்று திட்டமிட்டிருக்கிறீர்கள். தனியார் பதிவில் வரும் டபுள் கேபின் நாலு சக்கர இழுவை மாடல்களில் அனுமதிக்கப்பட்ட சுமை, அதன் உருவத்தைப் பார்த்து நினைப்பதைவிட மிகக் குறைவு. சில மாடல்களில் சில நூறு கிலோதான். உங்கள் பழைய பிக்கப் ஏற்றிய மூட்டைகளை அது சட்டப்படி ஏற்ற முடியாது. தனியார் பதிவு வண்டியில் விற்பனைச் சரக்கு கொண்டுபோனால் சோதனையில் கேள்வி வரும், விபத்து நடந்தால் காப்பீட்டு நிறுவனம் உபயோகத்தைக் காரணம் காட்டி இழுத்தடிக்கலாம். மண்டி வேலை தொடரும் என்றால் பழைய வண்டியை அதற்கென்று வைத்துக்கொள்ளலாம், அல்லது சரக்கு வாகனப் பதிவில் வரும் மாடலைப் பார்க்கலாம். கியர் பற்றிய பேச்சு இதற்கு அப்புறம்தான்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால்

மருத்துவர் பச்சைக்கொடி காட்டினால், மனைவி எப்போதாவதுதான் ஓட்டுவார் என்றால், மேனுவலை மனநிறைவோடு வாங்குவேன். இறக்கம், கயிறு கட்டி இழுத்து வரும் வசதி, உள்ளூர் பழுது, இத்தனை வருடக் கைப்பழக்கம் ஆகிய நான்கும் உண்மையான காரணங்கள். மகனிடம் சொல்ல இவை போதும், மைலேஜையும் இழுவையையும் இழுக்க வேண்டாம். முழங்கால் வருடாவருடம் மோசமாகும் என்று மருத்துவர் சொன்னால் ஆட்டோமேட்டிக்கை எடுப்பேன், இறக்கம் முழுதும் கியரைக் கையால் வைத்து ஓட்டுவேன். நீங்கள் மேனுவலில் விரும்பும் கட்டுப்பாட்டில் பெரும்பங்கு அதில் கிடைத்துவிடும். உங்கள் கடிதத்தை மட்டும் வைத்து என் கணிப்பைக் கேட்டால், இரண்டாவது பக்கம்தான் கொஞ்சம் சாய்கிறேன். ஒரு வருடமாக வலிக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள், அந்த வலி தானாகப் போய்விடும் என்று வைத்து 14 வருடத்துக்கான வண்டி வாங்கக் கூடாது.

டெஸ்ட் டிரைவை ஷோரூம் வாசலில் முடித்துக்கொள்ளாதீர்கள். இரண்டு வகையையும் மலைக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள், நாலு பேரை ஏற்றிக்கொள்ளுங்கள். ஏற்றத்தில் நிறுத்திக் கிளப்பிப் பாருங்கள். அதே சாலையில் இறங்கும்போது இரண்டாவது கியரில் போட்டு, பிரேக்கைத் தொடாமல் வேகம் எவ்வளவில் நிற்கிறது என்று கவனியுங்கள். கிளட்ச்சை முழுதாக மிதித்த நிலையில் முழங்கால் லேசாக மடங்கியிருக்கும்படி இருக்கையைச் சரிசெய்துகொண்டு, குறைந்தது ஒரு மணி நேரம் ஓட்டுங்கள். மறுநாள் காலையில் முழங்கால் எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டு அட்வான்ஸ் கட்டுங்கள்.